4எல்60இ கியர்பாக்ஸ் பான்: எந்த பேக்கிங் நிற்கும், எது ஒழுகும்?

ஷெவர்லே சில்வராடோ, டாஹோ, சபர்பன், பழைய கமாரோ என்று ஜெனரல் மோட்டார்ஸ் விற்ற எத்தனையோ வண்டிகளுக்கு அடியில் இருப்பது 4எல்60இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். 1982இல் 700ஆர்4 என்ற பெயரில் வந்தது, 1990இல் 4எல்60 ஆனது, 1993இல் எலக்ட்ரானிக் கட்டுப்பாடு சேர்ந்து 4எல்60இ ஆனது. அதன் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான பானின் ஆழம் இடையில் மாறியிருக்கிறது. விளிம்பின் வடிவமும் அதில் ஏறும் 16 போல்ட்டும் மாறவில்லை. அதனால் பானுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் வைத்து ஒழுகாமல் அடைக்கும் இந்த ஒரு பேக்கிங்குக்குக் கடையில் ஏகப்பட்ட சரக்கு கிடைக்கிறது: கார்க், நார்க்காகிதம், வெறும் ரப்பர், நடுவில் இரும்புத் தகடு வைத்து வார்த்த ரப்பர், ட்யூபில் வரும் சிலிக்கான். எல்லா அட்டைப்பெட்டியிலும் ‘லீக் ஆகாது’ என்றுதான் அச்சடித்திருக்கும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கொடுக்கும் காசுக்கு ஏற்ற சரக்கு, இரும்புத் தகடு வைத்த ரப்பர் பேக்கிங்தான். வண்டியோடு கம்பெனியிலிருந்து வந்தது கெடாமல் இருந்தால் அதையே கழுவித் திரும்பப் போடலாம், புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம். ஃபில்டர் கிட்டோடு இனாம் மாதிரி வரும் கார்க் துண்டைப் பிரிக்காமலே குப்பையில் போடலாம். சிலிக்கான் ட்யூப் நல்ல பொருள், ஆனால் இந்தப் பானுக்கு வேண்டியதில்லை. பானின் விளிம்பு வளைந்திருந்தால் இவற்றில் எதைப் போட்டாலும் ஒழுகும். அதனால் சரக்கைப் பற்றிப் பேசும் முன் விளிம்பைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

இந்தப் பானுக்குள் அழுத்தம் என்று ஒன்று கிடையாது. பம்ப் கொடுக்கும் அழுத்தமெல்லாம் மேலே ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியிலும் கிளட்ச் பேக்குகளிலும் நின்றுவிடும். கியர்பாக்ஸின் உச்சியில் இருக்கும் வென்ட் உள்ளேயிருக்கும் காற்றை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். பான் வெறும் தொட்டி. இன்ஜின் ஓடும்போது ஆயிலில் ஒரு பங்கு, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயிலால் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரிலும் கூலர் குழாய்களிலும் சுற்றிக்கொண்டிருப்பதால் பானில் மட்டம் தாழ்ந்திருக்கும். வண்டியை நிறுத்திப் போட்டால் கன்வெர்ட்டரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து மட்டம் விளிம்பைத் தாண்டி ஏறிவிடும். ஓடும்போது காய்ந்து தெரிந்த பேக்கிங், விடிந்ததும் தரையில் சிவப்புப் பொட்டு வைத்திருப்பதற்கு இதுதான் காரணம். பேக்கிங் மாற்றியபின் அரை மணி நேரம் இன்ஜினை ஓட்டிப் பார்த்துவிட்டு ‘லீக் இல்லை’ என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஒரு ராத்திரி நின்றால்தான் தெரியும்.

அழுத்தமே இல்லாத தொட்டி ஏன் ஒழுகுகிறது? பெரும்பாலும் அளவுக்கு மீறி முறுக்கியதால்தான். இந்த போல்ட்டுகளுக்குக் கம்பெனி சொல்லும் அளவு 11 நியூட்டன் மீட்டர், அதாவது 97 இஞ்ச் பவுண்ட். சின்ன ரேச்செட்டைத் தலைப்பக்கமாகப் பிடித்து மணிக்கட்டால் திருகினாலே இந்த அளவு வந்துவிடும். பானோ அச்சில் அழுத்திய மெல்லிய தகடு. அளவைத் தாண்டி முறுக்கினால் போல்ட் ஓட்டையைச் சுற்றியிருக்கும் தகடு, கியர்பாக்ஸின் கூடான கேஸ் பக்கமாகக் குழிந்து மேலே எழும். ஓட்டை இருக்கும் இடத்தில் பேக்கிங் நசுங்கும், இரண்டு போல்ட்டுக்கு நடுவில் தளர்ந்து நிற்கும். அங்கேதான் கசியும். கசிவதைப் பார்த்து இன்னும் கால் சுற்று முறுக்கினால் குழி ஆழமாகும், கசிவும் கூடும். இப்படியே நாலு பேர் கை பட்ட பானில் எந்தக் கம்பெனிப் பேக்கிங்கைப் போட்டாலும் பலன் இருக்காது.

கார்க்

விலை மலிவான ஃபில்டர் கிட்டுகளில் பெரும்பாலும் கார்க்கும் ரப்பர்த் துகளும் கலந்து அழுத்திய பேக்கிங்தான் வரும். மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி நசுங்கிக் கொடுக்கும் என்பது இதன் ஒரே நல்ல குணம். கெட்ட குணமும் அதுவேதான்: நசுங்குவது நிற்பதில்லை. சூடும் குளிருமாக மாறி மாறி வரும்போது கார்க் மெலிந்துகொண்டே போகும், போல்ட்டின் பிடி தளரும். தளர்ந்ததைப் பிடிக்க மறுபடி முறுக்கினால் ஓட்டை ஓரத்தில் கார்க் பிளக்கும். வால்வ் கவரில் கார்க் ஓரளவு காலம் தள்ளும். ஆயிலுக்குள் மூழ்கிக்கிடக்கும் பானில் சீக்கிரமே அசடு வழியும்.

கடை அலமாரியில் ரொம்ப நாள் கிடந்த கார்க் காய்ந்து சுருங்கியிருக்கும். பானின் மேல் வைத்துப் பார்த்தால் கடைசி நாலைந்து ஓட்டை ஒட்டாமல் தள்ளி நிற்கும். இழுத்துப் பொருத்தினால் கிழியும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டால் பழைய அளவுக்கு வரும், பிறகு துடைத்துக் காயவைத்துப் போடலாம். வேறு வழியே இல்லாத நேரத்துக்கு இது தெரிந்திருந்தால் போதும். கார்க்கைப் போட்டே ஆகவேண்டும் என்றால் போல்ட்டுக்கு அடியில் பிதுக்கம் தெரிய ஆரம்பித்ததும் கையை நிறுத்திவிட வேண்டும், வண்டி ஒருமுறை நன்றாகச் சூடாகி முழுக்க ஆறியபின் 16 போல்ட்டையும் ஒரு சுற்று சரிபார்க்க வேண்டும்.

நார்க்காகிதம்

இதை மட்டமாக நினைப்பவர்கள் உண்டு. தேவையில்லை. நார் அழுத்திச் செய்த இந்தத் தாள் அதிகம் நசுங்காது, அதனால் போல்ட்டின் பிடி அப்படியே நிற்கும். ஆயில் பட்டதும் லேசாக உப்பி இடுக்கை அடைக்கும் ரகமும் இருக்கிறது. கியர்பாக்ஸை மேசையில் இறக்கிப் பிரித்துக் கட்டுகிறவர்கள் பலர் இதை விரும்பிப் போடுவார்கள், ஏனென்றால் அவர்கள் கையில் இருக்கும் கேஸும் பானும் சுத்தமாக, தட்டையாக இருக்கும். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு செய்யும் வேலைக்கு இது ஒத்துவராது. விளிம்பில் கொஞ்சம் மேடு பள்ளம் இருந்தாலும் இந்தத் தாள் மன்னிக்காது. அடுத்த முறை பானைக் கழற்றும்போது பாதி கேஸிலும் பாதி பானிலுமாக ஒட்டிக் கிழியும், சுரண்டியெடுக்கும்போது கேஸின் அலுமினிய முகத்தில் கீறல் விழும்.

வெறும் ரப்பர்

உள்ளே தகடு எதுவும் இல்லாமல் கறுப்பாக, தொளதொளவென்று பையில் மடித்து வருவது. கார்க் அளவுக்கு மலிவாகக் கிடைக்கும். இந்த ஐந்தில் மோசமானது இதுதான். ரப்பரை நசுக்கினால் கன அளவு குறையாது, பக்கவாட்டில்தான் போகும். ஆயில் பட்டு வழுக்கும் விளிம்பில் அது இன்னும் எளிதாகப் பிதுங்கி, இரண்டு போல்ட்டுக்கு நடுவில் வளைந்து வெளியே எட்டிப் பார்க்கும். போல்ட் தலைக்கு அடியில் பிளக்கும். வாங்கவே வேண்டாம்.

இரும்புத் தகடு வைத்த ரப்பர்

ஜெனரல் மோட்டார்ஸ் இந்தக் கியர்பாக்ஸில் போட்டு அனுப்பிய பேக்கிங் இந்த வகை. நடுவில் விறைப்பான தகடு, அதன் இரண்டு பக்கமும் ரப்பர், உள்விளிம்பை ஒட்டி ஓடும் மேடான வரம்பு. தகடு இருப்பதால் ரப்பருக்குப் பக்கவாட்டில் ஓட வழியில்லை. போல்ட்டின் பலம் தகட்டில் இறங்கும், ரப்பர் தனக்கு உரிய அளவு மட்டும் நசுங்கும். கையில் எடுத்தால் வளையாமல் நிற்கும், பானின் மேல் வைத்துத் தூக்கும்போது நழுவாது. வண்டிக்கு அடியில் ஒற்றையாளாக வேலை செய்கிறவர்களுக்கு இந்த ஒரு குணமே போதும்.

பழையதைத் திரும்பப் போடலாமா என்பதை மூன்று இடத்தில் பார்த்துச் சொல்லிவிடலாம். வரம்பு முழுச் சுற்றும் மேடாக இருக்கிறதா, எங்காவது தட்டையாகிவிட்டதா. போல்ட் ஓட்டைகளைச் சுற்றி ரப்பர் தகட்டிலிருந்து உரிந்திருக்கிறதா. நகத்தால் அழுத்தினால் திரும்ப எழும்புகிறதா, அல்லது பிளாஸ்டிக் மாதிரி விறைத்துப்போயிருக்கிறதா. மூன்றும் சரியென்றால் சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைத்து, காயவைத்துப் போடலாம். பிரேக் கிளீனரில் ஊறவைக்கக் கூடாது, ரப்பர் உப்பிக் கெடும். ஃபோர்டின் 4ஆர்70டபிள்யூ கியர்பாக்ஸிலும் கம்பெனிப் பேக்கிங் திரும்பப் போடக்கூடிய இதே ரகம்தான். அதைக் கழற்றி வீசிவிட்டு கிட்டில் வந்த கார்க்கைப் போட்டு, நன்றாக இருந்த பானை ஒழுகவிட்ட வேலைகள் ஏராளம்.

வெளியில் விற்பதில் லூப்லாக்கர் என்ற பெயருக்கு நல்ல மரியாதை இருக்கிறது, அது நியாயமானதுதான். கம்பெனிப் பேக்கிங்கைவிட மெல்லிய தகடு, அதில் வார்த்த வரம்பு, பசை எதுவும் இல்லாமல் உலர்வாகப் பொருத்துவது, எத்தனை முறை கழற்றினாலும் பானோடு ஒட்டிக்கொள்ளாமல் வருவது என்று எல்லாம் சரியாக இருக்கிறது. கார்க்கைப் போலப் பல மடங்கு விலை. ஆனால் மெல்லியது என்பதால் விளிம்பு நேராக இருந்தால்தான் இதன் அருமை தெரியும். பழைய தகட்டுப் பானில், அங்கங்கே லேசான அலை மிச்சமிருக்கும் விளிம்பில், தடித்த கம்பெனி ரகமே ஒரு படி மேல். வார்ப்பு அலுமினியப் பான் வைத்திருப்பவர்கள், அடிக்கடி ஆயில் மாற்றுகிறவர்கள் லூப்லாக்கரை யோசிக்காமல் வாங்கலாம்.

இந்த ரகத்தில் எதைப் போட்டாலும் அதன் மேல் சிலிக்கான் தடவக் கூடாது. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஒரு கோடு தடவிவிடும் பழக்கம் பட்டறைகளில் அதிகம். ஈரமான சிலிக்கான் வழுக்கும் பொருள். முறுக்கும்போது பேக்கிங்கை நழுவவிடும். உள்பக்கம் பிதுங்கியது காய்ந்து புழுபோல உதிர்ந்து ஃபில்டரின் வாயில் போய் ஒட்டும். தூக்கும்போது பேக்கிங் நழுவாமல் இருக்க வேண்டுமென்றால் நாலு மூலை ஓட்டைகளில் மெல்லிய நூலால் கட்டிவைத்து, நடுவில் உள்ள போல்ட்டுகள் இரண்டு மரை ஏறியதும் நூலை அறுத்து உருவிவிடலாம்.

சிலிக்கான் ட்யூப்

பெர்மடெக்ஸ் அல்ட்ரா பிளாக், பெர்மடெக்ஸின் தி ரைட் ஸ்டஃப் இரண்டும் அமெரிக்கக் கடைகளில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை. இரண்டும் பொருளாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது.

அல்ட்ரா பிளாக் ஆயிலைத் தாங்கும் கறுப்பு ஆர்டிவி (சூடு காட்டாமலே இறுகும்) சிலிக்கான், சென்சாருக்குக் கெடுதல் செய்யாத வகை. காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு வெளியிலிருந்து உள்ளாக இறுகும். ஈரமாக இருக்கும்போதே பொருத்தி, விரலால் போல்ட்டை ஏற்றி, ஓரத்தில் லேசாகப் பிதுங்கும் வரை மட்டும் திருக வேண்டும். ஒரு மணி நேரம் விட்டு, பிறகு கால் சுற்றிலிருந்து அரைச் சுற்று முறுக்கி, ராத்திரி முழுக்க இறுகவிட வேண்டும் என்பது கம்பெனியின் முறை. பலர் முதல் தடவையிலேயே முழு டைட்டும் கொடுத்துவிடுகிறார்கள். அப்போது சிலிக்கான் முழுக்க வெளியே வழிந்து, நடுவில் சவ்வுபோல ஏதோ மிஞ்சும். ஒரு மணி நேரம் பொறுத்தால் அது ஒரு கனமுள்ள பேக்கிங்காக நிற்கும், கடைசி முறுக்கில் அழுத்தப்படும். இந்தக் காத்திருப்பில்தான் இந்தப் பொருளின் வேலையே இருக்கிறது.

தி ரைட் ஸ்டஃப் காத்திருக்க வைக்காது. தடவி ஐந்து நிமிடத்துக்குள் பொருத்தி முறுக்கிவிட்டால் ஆயில் ஊற்றி வண்டியை எடுக்கலாம். வாடிக்கையாளர் வாசலில் நிற்கும் பட்டறைக்கு இது வரப்பிரசாதம். விலை அதிகம். ஒட்டினால் விடாது: அடுத்த முறை பானைப் பிரிக்க மெல்லிய தகட்டுக் கத்தியை விளிம்பில் நுழைத்துச் சுற்றிலும் அறுக்க வேண்டியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பினால் கேஸின் அலுமினியம் நொறுங்கும், பானின் விளிம்பு வளையும்.

சிலிக்கானுக்கென்றே வடிவமைத்த கியர்பாக்ஸ்கள் இருக்கின்றன. கிரைஸ்லர் மினிவேன்களில் வந்த 41டிஇ அதற்கு நல்ல உதாரணம். அதில் கம்பெனியே பேக்கிங் போடாமல், ஆட்டோமேட்டிக் ஆயிலைத் தாங்கும், தன் சொந்த மோபார் பிராண்டு ஆர்டிவியை 3 மில்லிமீட்டர் கோடாகத் தடவித்தான் பானைப் பூட்டியது. முறுக்கு 19 நியூட்டன் மீட்டர். அங்கே கார்க் போடுவதுதான் தப்பு. 4எல்60இக்கு அந்தத் தேவை இல்லை, தேவையில்லாத இடத்தில் சிலிக்கானைப் போட்டால் ஒரு சிக்கலும் கூடவே வரும். பானைக் கழற்றிய பிறகும் வால்வ் பாடியிலிருந்து ஆயில் மணிக்கணக்காகச் சொட்டிக்கொண்டே இருக்கும். கேஸின் விளிம்பைத் துடைத்துத் துணியை எடுப்பதற்குள் அடுத்த சொட்டு அதே இடத்தில் ஓடி வரும். ஆயில் பட்ட இடத்தில் சிலிக்கான் ஒட்டவே ஒட்டாது. ரப்பர்ப் பேக்கிங்குக்கு ஒரு சொட்டு ஆயில் பொருட்டே இல்லை. சிலிக்கானுக்கு அந்த ஒரு சொட்டிலேயே லீக் தொடங்கிவிடும். ராத்திரி முழுக்க வடியவிட்டு, காலையில் பிரேக் கிளீனர் நனைத்த துணியால் சுற்றிலும் துடைத்து, உடனே பொருத்தத் தயாராக இருப்பவர்கள் மட்டும் இந்த வழிக்கு வரலாம். சிலிக்கான் கோட்டை போல்ட் ஓட்டைகளுக்கு உள்பக்கமாக, இடையில் அறாமல் இழுத்து, ஒவ்வொரு ஓட்டையையும் ஒரு வட்டம் சுற்றி, தொடங்கிய இடத்தில் கொஞ்சம் மேலேறி முடிக்க வேண்டும்.

குளியலறை ஓரத்துக்குப் பூசும் சிலிக்கான் கைவசம் இருக்கிறது என்று அதை எடுத்துவிடாதீர்கள். வினிகர் வாடை அடிக்கும் அந்த ரகம் உலோகத்தை அரிக்கும், ஆயிலிலும் நிற்காது.

பொருத்தும் வேலை

வண்டி ஸ்டாண்டின் மேல் நிற்க வேண்டும், ஜாக்கின் மேல் அல்ல. ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், கொதிக்க வேண்டாம். வடிகால் போல்ட் இல்லாத பான் என்றால் பின்பக்கமும் பக்கவாட்டிலும் உள்ள போல்ட்டுகளை எடுத்துவிட்டு, முன்பக்கத்தில் உள்ளவற்றைத் தளர்த்தி மட்டும் விட்டால் பான் பின்னால் சாய்ந்து அந்த மூலையாக ஊற்றும். அகலமான டிரே வையுங்கள். 5 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும்.

பான் இறங்கியதும் விளிம்பைச் சுத்தம் செய்து, இரும்பு ஸ்கேலை நிறுத்திவைத்து நாலு பக்கமும் வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். ஓட்டைகள் இருக்கும் இடத்தில் ஸ்கேல் தூக்கி நிற்கும், நடுவில் வெளிச்சம் தெரியும். தட்டையான கெட்டி மரக்கட்டையின் விளிம்பில் பானின் விளிம்பை, கேஸைத் தொடும் முகம் மேலே வரும்படி வைத்து, எழும்பிய ஒவ்வொரு ஓட்டையையும் உருண்டைத் தலைச் சுத்தியலால் மெல்லத் தட்டி இறக்க வேண்டும். ஓங்கி அடிக்க வேண்டாம், தகடு மெல்லியது. நாலு தட்டு, ஒருமுறை ஸ்கேல், மறுபடி நாலு தட்டு. ஓட்டை மட்டத்துக்குக் கீழே ஒரு மயிரிழை இறங்கியிருந்தால் தப்பில்லை, முறுக்கும்போது நேராகும். மேலே நிற்கத்தான் கூடாது. இந்தக் கால்மணி நேர வேலையைச் செய்யாமல் விலை உயர்ந்த பேக்கிங் வாங்கியவர்கள்தான் பேக்கிங்குக்கு ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

கேஸின் முகத்தைச் சுரண்ட இரும்பு ஸ்கிராப்பர் வேண்டாம், பிளாஸ்டிக் போதும். சுழலும் பிரிஸில் பிரஷ் அலுமினியத்தில் பள்ளம் போடும், அதன் தூளும் வால்வ் பாடிக்குள் போகும். ஓட்டைகள் எம்8 மரை. அடிப்பக்கம் மூடியிருக்கும் ஓட்டையில் ஆயில் தேங்கியிருந்தால் போல்ட் அடியைத் தொடும் முன்பே இறுகிவிட்ட மாதிரி, முறுக்கை அளக்கும் டார்க் ரெஞ்ச் கிளிக் கொடுக்கும், பேக்கிங் நசுங்கியே இருக்காது. துணித் திரியை விட்டு உறிஞ்சி எடுத்துவிடுங்கள். மரை போன ஓட்டை இருந்தால், புது மரையாக நிற்கும் கம்பிச்சுருளான ஹெலிகாயில் போட்டுச் சரிசெய்த பிறகுதான் மேலே போக வேண்டும். 16இல் 15 இருந்தால் போதும் என்ற கணக்கு இந்தப் பானில் பலிக்காது.

ஃபில்டரின் கழுத்து நுழையும் சீலும் இதே சமயத்தில் மாறும். பழைய சீல் பெரும்பாலும் கேஸிலேயே தங்கிவிடும். அதைக் கவனிக்காமல் புதியதை அடித்தால் ஏறாது. சின்ன ஸ்க்ரூ டிரைவரால் சீலின் ஓரத்தை உள்ளே மடித்துப் பிடுங்க வேண்டும், துளையின் சுவரைக் கீறக் கூடாது. கீறல் விழுந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், ஆயில் நுரைக்கும், கியர் தாமதமாகப் பிடிக்கும். ஆழமான பானுக்கும் ஆழம் குறைந்த பானுக்கும் ஃபில்டரின் உயரம் வேறு, வாங்கும் முன் பானை அளந்துகொள்ளுங்கள். பானுக்குள் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறக் குழைவு இருப்பது வழக்கமானதுதான். கையில் தட்டுப்படும் இரும்புத் துண்டுகள் இருந்தால் பேக்கிங்கை மறந்துவிட்டு வேறு செலவுக்குத் தயாராக வேண்டும்.

எல்லா போல்ட்டையும் விரலால் ஏற்றி, ஒன்றும் குறுக்கு மரை ஏறவில்லை என்று உறுதியான பிறகுதான் ரேச்செட். நடுவில் உள்ளவற்றில் தொடங்கி எதிரெதிராக மூலைகளை நோக்கிப் போக வேண்டும். முதல் சுற்றில் 5 அல்லது 6 நியூட்டன் மீட்டர், இரண்டாம் சுற்றில் 11. அதே வரிசையில் மூன்றாவது சுற்று போய்ப் பாருங்கள். முதலில் இறுக்கியவை கொஞ்சம் தளர்ந்திருக்கும், கிளிக் வரும் வரை கொடுத்து நிறுத்திவிடலாம்.

இங்கேதான் டார்க் ரெஞ்சின் பேச்சு வருகிறது. சக்கர நட்டுக்கு வைத்திருக்கும் அரை இஞ்ச் டிரைவ் ரெஞ்சின் அளவுகோல் தொடங்கும் இடத்திலேயே இந்த வேலை முடிந்துவிடும். அந்தக் கடைக்கோடியில் அது காட்டுவதை நம்ப முடியாது, கிளிக்கும் கைக்குத் தெரியாது. கால் இஞ்ச் டிரைவில் 20 முதல் 200 இஞ்ச் பவுண்ட் வரை அளக்கும் ரெஞ்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கருவிக் கடையான ஹார்பர் ஃபிரெய்ட்டில் கிடைக்கும் சாதாரண கிளிக் ரகமே இந்த வேலைக்குப் போதும். வேலை முடிந்ததும் அளவைக் கீழே இறக்கி வைத்தால் அதன் ஸ்பிரிங் கெடாது.

ஊற்ற வேண்டியது டெக்ஸ்ரான் 6 என்ற ரக ஆட்டோமேட்டிக் ஆயில். பானை மட்டும் இறக்கியிருந்தால் ஏறக்குறைய 4.7 லிட்டர் பிடிக்கும், முழுக்கப் பிரித்துக் கட்டியிருந்தால் 10.6 லிட்டர். முதலில் 4 லிட்டர் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி எல்லா கியருக்கும் ஒருமுறை போய்விட்டு பார்க்கில் நிறுத்தி, ஆயில் 82 முதல் 93 டிகிரி செல்சியஸ் சூட்டுக்கு வந்தபின் டிப்ஸ்டிக்கைப் பார்த்து மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். குளிர்ந்த வண்டியில் நிறைய ஊற்றிவிட்டால் சூடானதும் நுரைத்து மேலேயுள்ள வென்ட் வழியாகக் கக்கும். அது கேஸின் பக்கங்களில் வழிந்து பானின் விளிம்புக்கு வந்து நிற்கும். பார்ப்பவர்கள் புதுப் பேக்கிங்கைத்தான் திட்டுவார்கள்.

பான் மேல் விழும் வீண்பழி

மேலே எங்கே ஒழுகினாலும் கடைசியில் சொட்டுவது பானின் மூலையில்தான். 4எல்60இயில் ஓட்டுநர் பக்கம், அதாவது இடது பக்கம், கியர் லீவரின் கேபிள் வந்து சேரும் தண்டின் சீல் பானுக்குச் சற்று மேலே இருக்கிறது. பழகிய வண்டிகளில் முதல் சந்தேகம் அதன் மேல்தான் வர வேண்டும். பயணி பக்கம் டிப்ஸ்டிக் குழாய் நுழையும் சீல், இரண்டாம், நாலாம் கியரைப் பிடிக்க வைக்கும் 2-4 சர்வோவின் மூடியிலுள்ள ஓ-ரிங் (ரப்பர் வளையம்), எலக்ட்ரிக் கனெக்டர் கேஸுக்குள் போகும் இடத்தின் ஓ-ரிங், கூலர் குழாய் மூட்டுகள். முன்பக்கம் சொட்டினால் கன்வெர்ட்டர் சீல். கறுத்த ஆயிலாக இருந்தால் அது இன்ஜினின் பின்பக்க சீலிலிருந்து வருவது, கியர்பாக்ஸுக்குச் சம்பந்தமில்லை.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். கேஸையும் பானையும் கிளீனர் அடித்து நன்றாகக் காயவைத்து, விளிம்பிலிருந்து ஒரு சாண் மேலே வரை, பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரே அடித்து வெள்ளையாக்கிவிட்டு, கொஞ்சம் ஓட்டி வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் சிவப்புக் கோடு எங்கே தொடங்குகிறது என்று தானாகத் தெரியும். கோடு விளிம்புக்கு மேலே தொடங்கினால் பேக்கிங்கைத் தொட வேண்டாம். அப்படியும் பிடிபடாவிட்டால் ஆட்டோமேட்டிக் ஆயிலுக்கான யூவி சாயத்தை ஊற்றி, மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு நீல டார்ச்சில் பார்க்கலாம்.

பானையே மாற்றுவதென்றால்

குரோம் பூசிய தகட்டுப் பான்கள் படத்தில் அழகாக இருக்கும். வாங்காதீர்கள். குரோமின் வழவழப்பில் பேக்கிங் பிடிப்பு இல்லாமல் நழுவும், தகடும் பல சமயம் கம்பெனிப் பானைவிட மெல்லியது, பெட்டியிலிருந்து எடுக்கும்போதே விளிம்பு அலை அலையாக இருக்கும். தட்டி நேராக்கினால் குரோம் உரியும். சுத்தியலுக்கு அடங்காத அளவு பான் கெட்டுவிட்டதென்றால், உடைத்துப் பிரித்த வண்டியிலிருந்து எடுத்த கம்பெனிப் பான் ஒன்றே போதும். மலிவாகக் கிடைக்கும், ஸ்கேலை வைத்துப் பார்த்து வாங்கலாம்.

வார்ப்பு அலுமினியப் பான் வேறு கதை. விளிம்பு தடிப்பாக, மெஷினில் இழைத்துத் தட்டையாக இருக்கும். தகடு மாதிரி குழியாது. இரும்புத் தகட்டுப் பேக்கிங்கை இதோடு சேர்த்துப் போட்டால் லீக் என்ற பேச்சுக்கே இடமிருக்காது. வடிகால் போல்ட்டும் வரும், அடுத்த முறை ஐந்து லிட்டரைத் தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டாம். விலை அதிகம்தான், வண்டியை இன்னும் பல வருஷம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கட்டுப்படியாகும். விளிம்பு தடிப்பாக இருப்பதால் பழைய போல்ட்டுகளின் நீளம் பத்தாது, கூடவே வரும் நீள போல்ட்டுகளையே போட வேண்டும். பழையதை ஏற்றினால் இரண்டு மரைதான் பிடிக்கும், 11 நியூட்டன் மீட்டருக்கே கேஸின் மரை பிய்ந்துவரும். ஆழமான வகையில் ஃபில்டரைக் கீழே இறக்கும் துண்டு பெட்டியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல டிரக்குகளில் சைலன்சர் குழாய் பானுக்குக் கிட்டத்திலேயே போகிறது, ஆர்டர் போடும் முன் வண்டிக்கு அடியில் படுத்து அந்த இடைவெளியை டேப் வைத்து அளந்துவிடுங்கள்.